எண்பத்தாறின் கைப்பிடி

கமஞ்சாக்கா என்று இங்கே அதற்குப் பெயர்.
கடலிலிருந்து ஏறி வரும், மழையாகாத மூடுபனி.
ஆண்டுக்கணக்கில் ஒரு துளி காணாத அத்தகாமாவில்
இரவெல்லாம் பீங்கான் வட்டுகளை நக்கிவிட்டுப் போகும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் பீங்கான்.
விடியுமுன், நாலு பதினேழுக்கு,
நூற்றிரண்டாம் கோபுரத்தில் நினைத்துக்கொண்டது.

தொலைபேசியில் எலியேசர்:
"எண்பத்தாறு பூட்டிக்கொண்டது, யாஸ்னா. நீதான் வரவேண்டும்."

நாங்கள் ரிலேக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
எண்கள்தான். சிறையிலும் அப்படித்தான் என்பான் ஒஸாந்தோன்.
ஐம்பதுக்குப் பொறுமை கிடையாது:
ஓட்டம் வரம்பைத் தாண்டிய கணமே வெட்டு.
ஐம்பத்தொன்று காத்திருக்கும்.
பழுது பெரிதாகப் பெரிதாகக் காத்திருப்பு சிறிதாகும்.
அந்தத் தலைகீழ் வளைவை
இருபத்துமூன்று வயதில் மனப்பாடம் செய்தேன்.
அதே ஆண்டு கல்யாணமும் செய்தேன்.
வளைவு மட்டும் நிலைத்தது.

எண்பத்தேழு ஒரு கணக்குப்பிள்ளை.
டிரான்ஸ்ஃபார்மருக்குள் போனதும் வந்ததும் நேராகிவிட்டால்
வெளியே ஊரே எரிந்தாலும் ஏட்டிலிருந்து தலை தூக்காது.
இருபத்தொன்றுக்குத் தூரம் தெரியும்.
அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து
பழுது எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொல்லிவிடும்.
கம்பியின் எண்பது விழுக்காடு அதன் முதல் எல்லை.
அதற்குள் என்றால் கேள்வியே இல்லை.
அதற்கப்பால் என்றால்
பக்கத்து நிலையம் முந்தட்டும் என்று
நானூறு மில்லி நொடி மரியாதை.

வருமுன் காப்பவை அல்ல இவை.
வந்தபின், பரவுமுன்.
அந்த இடைவெளியில்தான் என் சம்பளம்.

அறுபது கிலோமீட்டர் ஓட்டினேன்.
வைப்பர் கண்ணாடியில் உப்பை இழுத்து இழுத்துப் பூசியது.
நூற்றிரண்டு முதல் எல்லைக்குள்தானே இருக்கிறது?
இருபத்தொன்று ஏன் வாய் திறக்கவில்லை?

வெட்டியது ஐம்பத்தொன்று. ஒன்று புள்ளி ஒன்று நொடி கழித்து.
நீங்கள் தும்மும் நேரம்.
அந்த நேரம் முழுக்கச் சுருள்கள் முறுக்கிக்கொண்டு துள்ள,
எண்ணெய் அலையடித்து புஹோல்ஸ் மிதவையைச் சாய்த்தது.
மிதவை எண்பத்தாறை உதைத்தது.
எண்பத்தாறு எல்லாக் கதவையும் சாத்தியது.
கீழே மீன்துறையின் பனிக்கட்டிக் கிடங்கு
இருட்டில் சொட்டத் தொடங்கியது.

புஹோல்ஸ் கண்ணாடியில் டார்ச் அடித்தேன். மூன்று முறை.
குமிழி இருந்தால் உள்ளே எதுவோ வெந்திருக்கிறது.
குமிழி இல்லை.
காப்புத் தடையும் சரி. வெறும் அதிர்ச்சி.

பிறகு இருபத்தொன்றின் நினைவைத் திறந்தேன்.
பதினெட்டு மில்லி நொடியில் அது பார்த்திருக்கிறது.
நடுக் கம்பி, நிலத்துக்கு. நாற்பத்தொரு கிலோமீட்டர்.
வெட்டு என்று சொல்லியும் இருக்கிறது.
சொன்ன சொல் பிரேக்கருக்குப் போகவில்லை.
கீழே, சோதனைக் கட்டையில்,
சிவப்புக் கைப்பிடி ஒன்று திறந்தே தொங்கியது.

வியாழக்கிழமை மாலை திறந்தது.
பதிவேட்டில், "அனைத்தும் இயல்பு நிலையில்."
கையெழுத்து: யா. கோல்க்கே.
அன்று சீக்கிரம் கிளம்பினேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை,
பசித்தது.

ஒஸாந்தோன் கைப்பிடியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.
"மூடிவிடு. பழைய பெட்டி, தயங்கியது என்று எழுதலாம்.
அதற்கு என்ன, பிள்ளையா குட்டியா?"

எங்கள் படிவத்தில் ரிலேக்கு இரண்டே பாவங்கள்:
வேண்டாதபோது வெட்டுவது, வேண்டியபோது வெட்டாதது.
சொல்லியும் கேட்கப்படாததற்குக் கட்டம் இல்லை.
ஓரத்து வெள்ளையில் எழுதினேன். இரண்டு வரி பிடித்தது.
பேனா நடுவில் மக்கர் செய்தது,
ஒஸாந்தோன் தன்னுடையதை நீட்டினான்.

மற்ற ரிலேக்கள் ஓட்டம் தணிந்தால் தாமாக மீளும்.
எண்பத்தாறு மீளாது.
ஒரு ஆள் நேரில் வந்து, ஏனென்று அறிந்து,
கையால் திருப்பவேண்டும்.
அப்படித்தான் செய்துவைத்திருக்கிறார்கள்.
கைப்பிடி குளிர்ந்திருந்தது. நினைத்ததைவிட இறுக்கம்.
திருப்பினேன். ஆரஞ்சுக் கொடி கறுப்பானது.

"காரணம்?" என்றான் எலியேசர்.
"நான்."
"இரைச்சல். மறுபடி சொல்."
"நான்தான். சோதனைக் கட்டையை மூடவில்லை."
கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு.
"எழுதிக்கொண்டேன்" என்றான்.

"நூற்றிரண்டுக்குத் தண்ணீர் லாரி அனுப்பு" என்றேன்.
"உப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது."